கையடக்க ஸ்பெக்ட்ரம்: ஒரு கணினி இன்னொரு கணினியாக வேஷம் கட்டுவது எப்படி?

என் மேசை மேல் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது. நீளம் பதினொன்றரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல், அகலம் ஏழு சொச்சம். முகப்பில் நாற்பது குட்டிச் சாம்பல் விசைகள். வலது மூலையில் சிவப்பு, மஞ்சள், பச்சை, வெளிர்நீலம் என்று சாய்வாக நான்கு பட்டைகள். வீட்டுக்கு வருகிறவர்கள் கால்குலேட்டர் என்று நினைத்துக் கையில் எடுப்பார்கள். டிவியில் செருகி மின்சாரம் கொடுத்தால் திரை ஒரு கணம் கறுத்து, பிறகு வெளுத்து, அடியில் 1982, சின்கிளேர் ரிசர்ச் என்று ஒரு வரி வந்து நிற்கும். "அட, அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரா? உள்ளே பழைய சிப் வைத்திருக்கிறாயா?" என்று கேட்பார்கள், விவரம் தெரிந்தவர்கள்.

இல்லை. பழைய சிப் ஒன்றுகூடக் கிடையாது. ஆனாலும் நாற்பது வருஷத்துக்கு முன்னால் எழுதிய நிரல்கள் ஒரு பைட்கூட மாறாமல் அதில் ஓடுகின்றன. அது எப்படி என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கூட்டலும் பெருக்கலும் தெரிந்தால் போதும்.

முதலில் அசலைப் பற்றி. இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்பது இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்த சின்கிளேர் ரிசர்ச் நிறுவனம் 1982 ஏப்ரலில் வெளியிட்ட வீட்டுக் கணினி. 16 கிலோபைட் நினைவகத்தோடு 125 பவுண்டு, 48 கிலோபைட்டோடு 175 பவுண்டு. தனித் திரை கிடையாது, வீட்டு டிவிதான் திரை. வட்டு கிடையாது, பாட்டுக் கேட்கிற கேசட் ரெக்கார்டர்தான் சேமிப்புக் கிடங்கு. மின்சுற்றை வடிவமைத்தவர் ரிச்சர்ட் ஆல்ட்வாசர். உள்ளே நிரந்தரமாக எழுதிவைத்த பேசிக் மொழி பெரும்பாலும் ஸ்டீவ் விக்கர்ஸின் வேலை. அந்தக் கறுப்புப் பெட்டியின் அழகு ரிக் டிக்கின்சனுடையது. பிரிட்டனில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் நிரல் எழுதப் பழகியது இதில்தான். நம் பக்கமும் எட்டிப் பார்த்தது: எண்பதுகளின் பிற்பாதியில் டெசிபெல்ஸ் என்ற இந்திய நிறுவனம் உரிமம் வாங்கி, இதன் அடுத்த வடிவத்தை 'டிபி ஸ்பெக்ட்ரம் பிளஸ்' என்ற பெயரில் விற்றது.

பெட்டியைத் திறந்தால் உள்ளே சரக்கு அதிகம் இருக்காது. விநாடிக்கு 35 லட்சம் துடிப்போடு ஓடும் இசட்80 என்ற செயலி. அழியாத 16 கிலோபைட் ரோம். எழுதி அழிக்கிற ரேம். அப்புறம், ஃபெராண்டி நிறுவனம் இதற்கென்றே செய்துகொடுத்த யு.எல்.ஏ. என்ற சிப். டிவிக்குப் படம் அனுப்புவது, விசைகளைப் படிப்பது, கேசட், ஒலி எல்லாம் அந்த ஒரே சிப்பின் தலையில். செலவைக் குறைக்கச் செய்த இந்தச் சிக்கனம்தான் இன்று நமக்கு வசதி. வேஷம் கட்ட வேண்டிய பாத்திரங்கள் குறைவு.

சரி, அதே சிப்புகளை வாங்கிச் சின்னதாகச் செய்துவிட முடியாதா? முடியாது. இசட்80 சிப்பின் நாற்பது கால் வடிவமே ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் நீளம். அதைத் தயாரித்த ஜைலாக் நிறுவனமும் 2024-இல் அந்தச் சிப்புக்குப் புதிய ஆர்டர் எடுப்பதை நிறுத்திவிட்டது. நான் பயன்படுத்தியது ராஸ்பெர்ரி பை பிக்கோ என்ற குட்டிக் கணினிப் பலகை. அதன் முழுப் பலகையின் நீளமே 51 மில்லிமீட்டர். அதாவது அந்தக் காலத்துச் செயலி ஒன்று உட்காரும் இடத்தில் இன்றைக்கு மொத்தக் கணினியும் உட்கார்ந்துவிடுகிறது. இன்னொரு வழியும் உண்டு. எஃப்.பி.ஜி.ஏ. என்ற வகைச் சிப்புகளுக்கு உள்ளிருக்கும் கம்பியிணைப்பையே நாம் சொல்கிறபடி மாற்றிக்கொள்ளலாம். பழைய சுற்றை அதில் அப்படியே மறுபடி வரையலாம். துல்லியம் கூடுதல், செலவும் கூடுதல், புதிதாகத் தொடங்குகிறவருக்குத் தலைவலியும் கூடுதல். நாம் மென்பொருள் வழிக்கே வருவோம்.

நிரலுக்குத் தெரிந்த உலகம்

தெருக்கூத்தில் துரியோதனன் வேஷம் கட்டியவரை விடியும்வரை துரியோதனனாகத்தான் எல்லோரும் நடத்துவார்கள். கேட்டதற்குத் துரியோதனன் சொல்லும் பதிலை, சொல்ல வேண்டிய நேரத்தில் அவர் சொல்கிறவரை அவர்தான் துரியோதனன்.

ஒரு நிரலும் தான் ஓடுகிற கணினியை இப்படித்தான் அறிகிறது. அதற்குக் கண் கிடையாது. தன்னைச் சுற்றி இருப்பது ஃபெராண்டி சிப்பா, சீனாவில் செய்த பலகையா என்று எட்டிப்பார்க்க வழியில்லை. அது கேட்கிற கேள்விகள் சிலதான். நினைவகத்தின் இந்த முகவரியில் என்ன எண் இருக்கிறது? இந்த முகவரியில் இந்த எண்ணை எழுது. இந்த போர்ட்டில் (விசை, ஸ்பீக்கர் போன்ற வெளி உறுப்புகளோடு பேசும் வாசல்) இருந்து என்ன வருகிறது? இந்த போர்ட்டுக்கு இதை அனுப்பு. அவ்வளவுதான். இந்த நான்குக்கும் அசல் ஸ்பெக்ட்ரம் என்ன பதில் சொல்லுமோ அதே பதிலை யார் சொன்னாலும் நிரலைப் பொறுத்தவரை அதுதான் ஸ்பெக்ட்ரம். இப்படி வேஷம் கட்டும் மென்பொருளுக்கு எமுலேட்டர் என்று பெயர்.

முதல் எட்டு எண்கள்

வார்த்தையாகச் சொன்னால் மாயம் போலத் தோன்றும். நிஜமான எண்களோடு பார்த்துவிடலாம். ஸ்பெக்ட்ரத்துக்கு மின்சாரம் கொடுத்ததும் இசட்80 முகவரி 0-க்குப் போய் அங்கிருந்து படிக்கத் தொடங்கும். ரோமின் முதல் எட்டு எண்கள் இவை, ஒவ்வொன்றும் ஒரு பைட், 0 முதல் 255 வரை இருக்கலாம்:

243, 175, 17, 255, 255, 195, 203, 17

எமுலேட்டர் என்பது, எலும்புக்கூட்டை மட்டும் பார்த்தால், ஒரு நீளமான பட்டியல்: 'இந்த எண் வந்தால் இதைச் செய்.' செயலிக்குள் ஏ, டி, ஈ என்றெல்லாம் பெயர் வைத்த சின்னச் சின்ன அறைகள் உண்டு. நம் நிரலில் அவை வெறும் மாறிகள். முதல் எண் 243. பட்டியலைப் பார்த்தால், 'குறுக்கீடுகளை நிறுத்து' என்று இருக்கிறது. அதாவது கொஞ்ச நேரம் யாரும் என்னைக் கூப்பிடாதே. அடுத்தது 175: ஏ அறையில் உள்ள எண்ணை அதனோடேயே ஒப்பிட்டு, வேறுபடும் இடங்களில் மட்டும் 1 போடு. ஒரு எண் தன்னோடு எங்கே வேறுபடும்? எனவே ஏ பூஜ்யமாகிவிடும். பூஜ்யமாக்கு என்று நேராகச் சொல்லும் கட்டளையும் உண்டு. அது இரண்டு பைட் பிடிக்கும், இது ஒன்றுதான். அந்தக் காலத்தில் ஒரு பைட்டுக்கும் கணக்குப் பார்த்தார்கள்.

அடுத்து 17: 'பின்னால் வரும் இரண்டு எண்களை எடுத்து டி, ஈ அறைகளில் வை.' பின்னால் 255, 255. இரண்டும் சேர்ந்து 65535, இசட்80 எட்டக்கூடிய கடைசி முகவரி. பிறகு 195: 'பின்னால் வரும் இரண்டு எண்கள் குறிக்கும் முகவரிக்குத் தாவு.' சின்ன இலக்கம் முதலில் வருவது இந்தச் செயலியின் பழக்கம். எனவே 17-ஐ 256-ஆல் பெருக்கி 203-ஐக் கூட்டினால் 4555. அங்கே தாவ வேண்டியதுதான்.

ஒன்றைக் கவனித்தீர்களா? 17 இரண்டு இடத்தில் வருகிறது. முதல் இடத்தில் அது கட்டளை. இரண்டாவது இடத்தில் முகவரியின் பாதி. எண்ணுக்கென்று சொந்தமாகப் பொருள் கிடையாது, எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் பொருளைத் தருகிறது. எனக்கு முதன்முதலில் இது உறைத்த அன்று அரை மணி நேரம் வேலை ஓடவில்லை.

இவ்வளவு எளிதா என்றால், பட்டியல் எளிது, நீளம்தான் கொடுமை. அடிப்படையில் 256 கட்டளைகள். சில எண்கள் முன்னால் வந்தால் அடுத்து வரும் எண்ணுக்கு வேறு பொருள் என்பதால், மொத்தம் ஆயிரத்தைத் தாண்டிவிடும். ஒவ்வொரு கணக்குக்குப் பிறகும் 'விடை பூஜ்யமா, எண் வழிந்ததா, குறையா' என்று குறித்துவைக்கும் கொடிகள் வேறு. தயாரிப்பாளரின் கையேட்டில் விளக்காத இரண்டு கொடிகளும் இருக்கின்றன. அவற்றை நம்பி நிரல் எழுதிய மகானுபாவர்களும் இருந்திருக்கிறார்கள். எனவே அதையும் நடிக்க வேண்டும்.

பதில் சரியாக இருந்தால் மட்டும் போதாது

மேலே பார்த்த நான்கு கட்டளைகளையும் முடிக்க அசல் செயலி எடுக்கும் துடிப்புகள் முறையே 4, 4, 10, 10. மொத்தம் 28. விநாடிக்கு 35 லட்சம் துடிப்பு என்றால் இது எட்டு மைக்ரோ விநாடி. என் பிக்கோவை முதலில் ஓட்டியது 252 மெகாஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 25.2 கோடி துடிப்பு. ஸ்பெக்ட்ரத்தின் ஒரு துடிப்பு நேரத்தில் இதற்கு 72 துடிப்பு. அவிழ்த்துவிட்டால் அசலைவிட வேகமாக ஓடிவிடும். ஓடினால் என்ன கெட்டுப்போகும்? விளையாட்டில் எதிரி கண்ணிமைக்கும் முன் உங்களைக் கொன்றுவிடுவான். ஒலி கீச்சென்று மாறும். ஸ்பெக்ட்ரத்தில் தனி ஒலிச் சிப் கிடையாது. ஒரே ஒரு பிட்டை 1, 0, 1, 0 என்று செயலியே மாற்றி மாற்றி ஸ்பீக்கரை அடிக்கும், எத்தனை வேகத்தில் அடிக்கிறதோ அதுதான் சுருதி. நேரம் தப்பினால் சுருதியும் போச்சு.

ஆகவே எமுலேட்டர் ஒவ்வொரு கட்டளைக்கும் துடிப்பை எண்ணிக்கொண்டே வரும். 69,888 துடிப்பு சேர்ந்தால் டிவிக்கு ஒரு முழுப் படத்தின் நேரம், அதாவது விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு. அந்த எண்ணிக்கையை எட்டியதும் கையைக் கட்டிக்கொண்டு, நிஜக் கடிகாரம் வந்து சேரும்வரை காத்திருக்கும். வேகமான கணினி பொறுமை காப்பதுதான் இந்த வேஷத்தில் பாதி வேலை. இதோடு, திரைக்கான நினைவகத்தை யு.எல்.ஏ.-வும் செயலியும் பங்குபோட்டுக்கொள்வதால், படம் வரையப்படும் நேரத்தில் செயலி அந்தப் பகுதிக்குப் போனால் சில துடிப்புகள் நிறுத்திவைக்கப்படும். ஒரே கட்டளை, இடத்தைப் பொறுத்து வேறு வேகம். பெரும்பாலான நிரல்களுக்கு இது தேவைப்படாது. தேவைப்படுகிற சில நிரல்கள் இது இல்லாவிட்டால் படத்தைக் கோணல்மாணலாக்கிவிடும். முதல் முயற்சியில் இதை விட்டுவிடுங்கள் என்பது என் ஆலோசனை.

திரை

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. 256 புள்ளி அகலம், 192 புள்ளி உயரம். ஒரு புள்ளிக்கு ஒரு பிட். ஆக 6,144 பைட். முகவரி 16384-இல் தொடங்குகிறது. நிறம் எங்கே? நிறத்துக்குத் தனியாக 768 பைட், முகவரி 22528 முதல். எட்டுக்கு எட்டுப் புள்ளி கொண்ட கட்டம் ஒன்றுக்கு ஒரு பைட். எழுத்து நிறத்துக்கு மூன்று பிட், பின்னணிக்கு மூன்று, பளிச்சிட ஒன்று, கண்சிமிட்ட ஒன்று. கறுப்புக்கு எண் 0, வெள்ளைக்கு 7. பின்னணியை எட்டால் பெருக்கி எழுத்து நிறத்தைக் கூட்ட வேண்டும் என்பதால் வெள்ளையில் கறுப்பு 56. மொத்தத் திரையும் 6,912 பைட்டில் அடங்கிவிடும்.

இந்தச் சிக்கனத்துக்கு விலை உண்டு. ஒரு கட்டத்துக்குள் இரண்டு நிறம்தான் இருக்க முடியும். எனவே சிவப்பு மனிதன் பச்சை மரத்தைக் கடக்கும்போது, மரமும் கொஞ்ச நேரம் சிவப்பாகும், அல்லது மனிதன் பச்சையாவான். நாம் செய்யும் குட்டிக் கணினியில் இதைச் சரிசெய்துவிடலாமே என்று முதலில் கை அரிக்கும். கூடாது. அந்த நிறக்கலப்பும் பாத்திரத்தின் குணம். அதை மறைக்க அந்தக் காலத்து ஓவியர்கள் செய்த தந்திரங்களெல்லாம் அர்த்தம் இழந்துவிடும்.

இன்னொரு விசித்திரம். முதல் கோட்டுக்கு 32 பைட், அது 16384-இல் தொடங்குகிறது. அப்படியானால் இரண்டாவது கோடு 16416-இல் இருக்க வேண்டும் அல்லவா? அங்கே இருப்பது ஒன்பதாவது கோடு. இரண்டாவது கோடு 16640-இல், 256 தள்ளி. பார்த்தால் யாரோ கலைத்துப் போட்டதுபோல இருக்கும். ஆனால் காரணம் உண்டு: முகவரியின் பெரிய பாதியோடு ஒன்றைக் கூட்டினால் போதும், செயலி நேர்கீழே உள்ள கோட்டுக்கு வந்துவிடும். எட்டுக் கோடு உயரமுள்ள எழுத்தை வரைய இதைவிட வேகமான வழி இல்லை. இந்த ஒழுங்கு திரையை மூன்று மூன்றிலொரு பங்காகப் பிரித்துச் செல்கிறது. அதனால்தான் கேசட்டில் இருந்து படம் ஏறும்போது மேலிருந்து நேராக இறங்காமல், ஒவ்வொரு பங்கிலும் எட்டுக்கு ஒரு கோடாக நிரம்பும்.

நம் எமுலேட்டர் இந்த 6,912 பைட்டை எடுத்து இன்றைய டிவிக்குப் புரிகிற வடிவத்தில் அனுப்ப வேண்டும். பிக்கோவில் ஹெச்.டி.எம்.ஐ. வசதி கிடையாது. ஆனால் கால்களை மின்னல் வேகத்தில் மேலும் கீழும் ஆட்டுவதற்கென்று எட்டுக் குட்டி இயந்திரங்கள் அதற்குள் இருக்கின்றன. செயலியின் இரண்டு மையங்களில் ஒன்றைப் படத்துக்கும் மற்றொன்றை இசட்80 வேஷத்துக்கும் ஒதுக்கிவிட்டேன். 640க்கு 480 திரைக்கு ஒரு நிறக் கம்பியில் விநாடிக்கு 25.2 கோடி பிட் போக வேண்டும். மேலே சொன்ன 252 மெகாஹெர்ட்ஸ் அதற்காகத்தான். சிப்புக்கு முதலில் குறித்த வேகம் 133. அதைத் தாண்டி ஓட்டுவது தயாரிப்பாளர் பார்வையில் அத்துமீறல்தான், என் பெட்டி இதுவரை முகம் சுளிக்கவில்லை. ஒவ்வொரு புள்ளியையும் இரட்டித்தால் 512க்கு 384. சுற்றி மிச்சமாகும் இடம் ஸ்பெக்ட்ரத்தின் வண்ண ஓரத்துக்குச் சரியாகப் போய்விடும்.

ஒரு சிக்கல்: ஸ்பெக்ட்ரம் விநாடிக்கு 50 படம், இந்தத் திரை 60. ஐந்து படத்துக்கு ஒருமுறை ஒரு படம் இரட்டிக்கப்படும். நின்ற படத்தில் தெரியாது. திரை நகரும் விளையாட்டில் லேசாகத் தத்தித் தத்தி நகரும். 50 படம் காட்டும் 720க்கு 576 முறைக்கு மாறினால் தீரும். அதற்கு 270 மெகாஹெர்ட்ஸ் வேண்டும். நான் மாறிவிட்டேன்.

இங்கே ஒரு பங்காளிக் கதையைச் சொல்லாமல் போக முடியாது. சின்கிளேரிடம் வேலை பார்த்த கிறிஸ் கரி, பிரிந்துபோய் ஹெர்மன் ஹாவுசரோடு சேர்ந்து அதே கேம்பிரிட்ஜில் தொடங்கியதுதான் ஏகார்ன் என்ற கணினி நிறுவனம். பி.பி.சி.யின் கணினித் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் சின்கிளேர் தோற்று ஏகார்ன் வென்றது. அந்த ஏகார்னில் சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் வடிவமைத்த செயலியின் முதல் சிப் 1985-இல் வந்தது. அதன் பெயர் ஆர்ம். பிக்கோவுக்குள் இருப்பது அந்த வம்சத்தின் குட்டிச் செயலி. ராஸ்பெர்ரி பையும் கேம்பிரிட்ஜ்தான். ஆக, போட்டிக்காரன் வீட்டுப் பேரப்பிள்ளைதான் இன்று ஸ்பெக்ட்ரம் வேஷம் கட்டி ஆடுகிறது.

விசைப்பலகை, பெட்டி

நாற்பது விசைக்கு நாற்பது கம்பி இழுக்கவில்லை. எட்டு வரிசை, ஒவ்வொன்றிலும் ஐந்து விசை என்று சதுரங்கப் பலகை மாதிரி கட்டினால் 13 கம்பி போதும். அசலும் அப்படித்தான். ரோம் விநாடிக்கு ஐம்பது முறை ஒவ்வொரு வரிசையாகக் கேட்கும். 1 முதல் 5 வரையிலான வரிசைக்கு போர்ட் எண் 63486. வரும் எண்ணின் கடைசி ஐந்து பிட் அந்த ஐந்து விசைகள். அழுத்தாதது 1, அழுத்தியது 0. 1-ஐ மட்டும் அழுத்தினால் 11110. எமுலேட்டர் தன் கம்பிகளைப் படித்துவைத்துக்கொண்டு, ரோம் கேட்டதும் இதே வடிவில் நீட்டிவிடும்.

இந்தக் கட்டுமானத்தில் ஒரு பேய் உண்டு. ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளில் உள்ள விசைகளை ஒன்றாக அழுத்தினால், மின்சாரம் சுற்றிவந்து நான்காவது மூலையும் அழுத்தப்பட்டதாகக் காட்டும். ஒவ்வொரு விசைக்கும் மின்சாரத்தை ஒரே பக்கமாக மட்டும் விடும் ஒரு டயோடு வைத்தால் பேய் ஓடிவிடும். நாற்பது டயோடு சால்டர் செய்யச் சோம்பலாக இருந்ததால் நான் வைக்கவில்லை. அசலிலும் இந்தப் பேய் இருந்தது என்று கேட்கிறவர்களிடம் சொல்லிக்கொள்கிறேன். உண்மைதான், ஆனால் காரணம் சோம்பல்தான்.

அசலின் அளவு 233க்கு 144 மில்லிமீட்டர், தடிமன் 30. பாதி அளவு என்று வைத்துக்கொண்டேன். விசைகளுக்கு இடையே ஒன்பது பத்து மில்லிமீட்டர்தான் மிஞ்சும். கடைகளில் கிடைக்கும் ஆறு மில்லிமீட்டர் சதுரச் சின்ன ஸ்விட்ச்சுகள் அதில் உட்காரும். பெட்டியையும் விசைகளையும் வெளியே கொடுத்து முப்பரிமாண அச்சில் எடுத்தேன். முதல் தடவை விசைத் துளைகள் இறுகிவிட்டன, அழுத்திய விசை மேலே வரவே இல்லை. துளையை ஒவ்வொரு பக்கமும் கால் மில்லிமீட்டர் பெரிதாக்கி மறுபடி எடுத்த பிறகுதான் சரியானது. அளவைப் பாதியாக்கலாம், அச்சின் பிசகு பாதியாகாது என்பது அப்போதுதான் புரிந்தது.

எழுத்து ஒட்டுவது அதைவிடப் பெரிய பாடு. ஸ்பெக்ட்ரத்தில் கட்டளைகளை எழுத்தெழுத்தாகத் தட்டுவதில்லை. ஒரு விசையை அழுத்தினால் முழுச் சொல் வரும். உதாரணமாக கே விசையில் லிஸ்ட், கூட்டல் குறி, மேலே பச்சையில் லென், கீழே சிவப்பில் ஸ்கிரீன் என்று கூட்டமாகக் குடியிருக்கும். பாதி அளவில் அதை வாசிக்க எறும்புக் கண் வேண்டும். லேசர் அச்சு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன். படிக்க முடிகிறது என்று பொய் சொல்ல மாட்டேன்.

பிக்கோவில் வெளியே வருகிற கால்கள் 26. விசைப்பலகைக்கு 13, படத்துக்கு 8, ஒலிக்கு 1, எஸ்.டி. கார்டுக்கு 4. கூட்டிப் பாருங்கள். ஒன்றுகூட மிச்சமில்லை. ஓடுகிறது என்று காட்ட ஒரு விளக்கு வைக்க ஆசைப்பட்டேன், இடமில்லை. அசலிலும் விளக்கு கிடையாது என்பது ஆறுதல்.

கேசட்டுக்குப் பதில்

எஸ்.டி. கார்டு கேசட்டின் இடத்தை எடுத்துக்கொள்கிறது. கேசட்டில் ஒரு நிரல் என்பது வெறும் ஒலி. 0 என்ற பிட்டுக்குக் குட்டையான அலை, 1-க்கு அதைப்போல் இரட்டிப்பு நீளம். 48 கிலோபைட்டும் ஏற ஐந்து நிமிடம் ஆகும். அதுவரை திரையோரம் நீலமும் மஞ்சளுமாகக் கோடு ஓடும், ஸ்பீக்கர் கிறீச்சிடும். இதையும் துல்லியமாக நடிக்கலாம். நண்பர்களுக்குக் காட்ட ஒருமுறை நடிக்கவிட்டேன், மூன்றாவது நிமிடத்தில் அவர்கள் டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

குறுக்குவழி, நொடிப்படம். எஸ்.என்.ஏ. என்ற வகைக் கோப்பில் முதல் 27 பைட் செயலியின் அறைகளில் இருந்த எண்கள். மீதி 49,152 பைட் ரேம் முழுதும். மொத்தம் 49,179. ஓடிக்கொண்டிருக்கும் ஒரு ஸ்பெக்ட்ரத்தின் அந்தக் கணத்து நிலை கிட்டத்தட்ட முழுதும் இதற்குள் அடக்கம். இதை எடுத்து அந்தந்த இடத்தில் கொட்டிவிட்டு 'ம், தொடங்கு' என்றால், நடுவில் நின்ற ஆட்டம் நடுவிலிருந்தே தொடரும். இன்றைக்கு நாம் கைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் இதைவிடப் பல மடங்கு பெரிது.

உரிமை பற்றி ஒரு வார்த்தை. ரோமில் உள்ள 16 கிலோபைட் யாரோ எழுதியது, யாருக்கோ சொந்தமானது. சின்கிளேரின் கணினி வியாபாரத்தை 1986-இல் வாங்கிய ஆம்ஸ்ட்ராட் நிறுவனம், பதிப்புரிமைக் குறிப்பை அழிக்காமல் எமுலேட்டர்களோடு ரோமை வழங்கிக்கொள்ள அனுமதித்தது. விளையாட்டுகள் அப்படியல்ல. ஒவ்வொன்றும் அதனதன் சொந்தக்காரருடையது.

எங்கிருந்து தொடங்கலாம்

சால்டரிங் இரும்பில் இருந்து தொடங்காதீர்கள். மடிக்கணினியில், தெரிந்த மொழி எதுவானாலும் சரி, இசட்80 பட்டியலை மட்டும் எழுதுங்கள். 65,536 இடமுள்ள ஒரு வரிசை, அதன் முதல் 16,384 இடத்தில் ரோம், அதில் மட்டும் எழுத விடாத ஒரு காவல். பிறகு திரைப் பகுதியை ஒரு படமாக வரையுங்கள். விசை, ஒலி, கார்டு எல்லாம் அப்புறம்.

4555-க்குத் தாவிய ரோம் முதலில் திரையோரத்தை வெள்ளையாக்கும். பிறகு, தனக்கு எவ்வளவு ரேம் இருக்கிறது என்று பார்க்கும். கடைசி முகவரியில் இருந்து கீழ்நோக்கி எல்லா இடத்திலும் 2 என்று எழுதிக்கொண்டே வரும். அரை விநாடிக்குள் முடியும் வேலை. திரையும் நினைவகத்தின் ஒரு பகுதி என்பதால் அங்கேயும் 2 விழும். நிறப் பகுதியில் 2 என்றால் கறுப்பில் சிவப்பு. புள்ளிப் பகுதியில் 2 என்றால் எட்டுக்கு ஒரு புள்ளி. எனவே கறுப்புத் திரையில் மெல்லிய சிவப்புக் கோடுகள் செங்குத்தாக நிற்கும். உங்கள் எமுலேட்டரின் முதல் மூச்சு அதுதான். பிறகு ஒவ்வொரு இடத்திலும் இரண்டு முறை ஒன்று கழித்துப் பார்க்கும். 2, 1, 0 என்று சரியாக இறங்கினால் அங்கே ரேம் இருக்கிறது என்று அர்த்தம். தன்னிடம் இல்லவே இல்லாத சிப்புகளை ரோம் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கிறது, நாமும் கூச்சமில்லாமல் 'இருக்கிறது, இருக்கிறது' என்று பதில் சொல்கிறோம்.

எனக்குச் சிவப்புக் கோடுகள் வந்தன. போகவில்லை. இரண்டு நாள் அப்படியே நின்றன. கூட்டலில் எண் வழிந்தால் உயர்த்த வேண்டிய கொடியை ஒரு கட்டளையில் உயர்த்த மறந்திருந்தேன். அதனால் ரோம் முதல் இடத்திலேயே 'ரேம் தீர்ந்தது' என்று முடிவு கட்டிவிட்டது. ஒரு வரி சேர்த்தேன். கோடுகள் கலைந்தன, திரை வெளுத்தது, அடியில் 1982 வந்தது. பி விசையைத் தட்டினேன். பி என்ற எழுத்து வரவில்லை, பிரிண்ட் என்று முழுச் சொல் வந்து நின்றது.